தாயிடமிருந்து வராதது

திருப்பதி, செவ்வாய் இரவு

நாகலாபுரத்துச் செல்விக்கு எட்டாம் மாதத்தில் கடும் காய்ச்சல். பிரசவத்தின்போது ஆய்வுக்காகத் தொப்புள்கொடி ரத்தம் எடுத்தேன். "என் காய்ச்சல் புள்ளைக்கும் போயிருக்குமாக்கா?" என்று கேட்டாள். "உன் எதிர்ப்பு சக்திதான் போயிருக்கும், பயப்படாதே" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

இன்று முடிவு வந்தது. அந்த ரத்தத்தில் இருப்பது தாயிடமிருந்து வர முடியாத, குழந்தையின் உடலே உண்டாக்கும் வகை ஆன்டிபாடி. வயிற்றுக்குள்ளேயே கிருமி குழந்தையைத் தொட்டிருக்கிறது. குழந்தை தனியாகப் போராடியிருக்கிறது. டாக்டரிடம் ஓடினேன். "நாளைக்கு மறுபடி டெஸ்ட் பண்ணலாம்மா. அதுவரைக்கும் அவகிட்ட சொல்லாத" என்றார்.

வார்டுக்குத் திரும்பி வந்தால், பக்கத்துக் கட்டிலில் அழுதுகொண்டிருந்தவளைச் செல்வி தேற்றிக்கொண்டிருந்தாள். "எனக்குந்தான் காய்ச்சல் வந்துச்சு. நம்ம சக்திதான் புள்ளைக்குப் போவுமாம். அக்காதான் சொன்னாங்க." என்னைப் பார்த்தாள். "இல்லீங்களாக்கா?"

ஆமென்று தலையாட்டிவிட்டேன்.