உறுதி செய்யாத செய்தி

ஞாயிறு, வளப்பூர் நாடு.

மிளகு அறுவடை பற்றிப் பத்திரிகைக்கு எழுதத்தான் வந்தேன். தோட்டத்துக்குச் சொந்தக்காரர் செல்லம்மா, முற்றத்தில் காய்ந்த மிளகை ஒதுக்கிப் பாய் விரித்து, வீட்டு ஜெபத்துக்கு என்னையும் உட்கார வைத்தார். முடிந்ததும், “ஏனுங்க, நீங்களும் கிறிஸ்தவருங்களா?” என்று கேட்டார்.

“பிறப்பால்” என்றேன். எப்போதும் சொல்லும் பதில்தான்.

“அது உங்க அப்பா அம்மா சேதிங்க. உங்க சேதி என்னங்க?”

யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். என் மனைவி இறந்த அன்று மருத்துவமனை வராந்தாவில் தனியாக நின்றிருந்தேன். ஜெபிக்கக்கூட வார்த்தை வரவில்லை. அப்போது கடவுள் என் பக்கத்தில் வந்து நின்றார். குரல் இல்லை, ஒளி இல்லை. விடியும்வரை நின்றார், அவ்வளவுதான். இரண்டு பேர் உறுதி செய்யாத எதையும் நான் செய்தியாக எழுதியதில்லை. அதனால் இதை நானே நம்பாமல் இத்தனை வருடம் வைத்திருந்தேன்.

செல்லம்மா சிரித்துவிட்டார். “ஆண்டவரு ஒண்ணு, நீங்க ஒண்ணு. ரெண்டு பேராச்சுங்களே! இன்னும் யாரு வந்து சொல்லோணும்?”

நானும் சிரித்தேன். பிறகு வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

எனவே எழுதி வைக்கிறேன். அன்று அவர் வந்தார். நான் கிறிஸ்தவன். திருத்த எதுவும் இல்லை. மனம் லேசாக இருக்கிறது, தூக்கமும் வருகிறது.