ஜெயித்தவன் பாத்திரம் கழுவ வேண்டும்

என் செல்ல மாப்ளே செல்வம்,

அதிபர் தேர்தல் முடிந்துவிட்டது. என் கட்சி ஜெயித்தது, உன் கட்சி தோற்றது. நீ இருந்திருந்தால் நம் சுகர் லேண்ட் ஊர் முழுக்கக் கேட்கும்படி என்னைத் திட்டியிருப்பாய். திட்ட ஆளில்லாமல் ஜெயிப்பது உப்பில்லாக் கஞ்சி மாதிரி இருக்கிறது.

நம் வாட்ஸ்அப் குழுவில் ஜெயித்தவர்கள் லட்டுப் படம் போட்டார்கள். டிப்ளமோவைத் தட்டுத்தடுமாறி முடித்த இந்த மேதையும் ஒன்று போட்டேன். சந்தோஷமாக இருந்ததா? தெரியவில்லை, கை தானாகப் போட்டது. என் லட்டுக்குக் கீழேயே உன் மனைவி மலர் குழுவை விட்டு வெளியேறிய செய்தி வந்து நின்றது.

இந்த நாட்டு சிட்டிசன்ஷிப் வாங்கிய புதிதில் நீ போட்ட சட்டம் நினைவிருக்கிறதா? தோற்றவன் சமைக்கணும், ஜெயித்தவன் போய்ச் சாப்பிட்டுவிட்டு அத்தனை பாத்திரத்தையும் கையால் கழுவணும். உன் வீட்டு டிஷ்வாஷர்தான் எப்போதும் பாத்திரம் கவிழ்க்கும் அலமாரி ஆயிற்றே. "ஜெயிச்சவன் கை சும்மா இருந்தா மீசைக்குப் போயிடும்டா" என்பாய்.

நீ இல்லாத முதல் தேர்தல் இது. சட்டம் இன்னும் செல்லுமா? போகாதீங்க, நொந்து போயிருக்காங்க என்று என் மனைவி தடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை போனேன். கதவைத் திறந்த மலர் வழி விடவில்லை.

"லட்டு போட்ட கைதானேண்ணா இது?"

"ஆமாம்மா. கழுவத்தான் கொண்டாந்தேன்."

விலகி வழி விட்டாள். சமைத்திருக்கவில்லை. ஆனால் சிங்க் நிறையப் பாத்திரம் கிடந்தது. கழுவினேன். கை சிவந்த பிறகுதான் சுடுதண்ணீர் என்றே தெரிந்தது. இப்போதெல்லாம் எதுவும் சட்டென்று உறைப்பதில்லை மாப்ளே. நீ போன அன்றைக்கும் எனக்கு அழுகை வரவில்லையே, மலர் அதைக் கவனித்திருப்பாளோ?

அவள் குக்கரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"அடியில எண்ணெய் அப்படியே இருக்கு. அவரா இருந்தா திருப்பிக் குடுத்திருப்பாரு."

திருப்பி வாங்கிக் கழுவினேன். திரும்பிப் பார்த்தால் மேஜையில் ஒரு தட்டில் சோறும் நேற்றைய ரசமும். சாப்பிட்டேன். தேர்தலைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. அந்தத் தட்டையும் கழுவி வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

அடுத்த தேர்தலில் நான் தோற்றால், மலர் வந்தாலும் வராவிட்டாலும் சமைத்து வைப்பேன். ஜெயித்தால் இந்தக் கை மீசைக்கும் போகாது, போனுக்கும் போகாது. நேரே உன் வீட்டு சிங்க்குக்குத்தான் வரும். சத்தியம்.

ஒரே குக்கரை இரண்டு தடவை கழுவிய,
உன் மச்சான் ராஜு