பெயர் போடாத விளம்பரம்

மார்ச் 3

அன்புள்ள அத்தானுக்கு,

போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று முழிக்காதீர்கள். போனில் பேசினால் அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். இந்த விஷயம் அவள் காதுக்குப் போகக் கூடாது. அதனால்தான் உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

எங்கள் சைட் இந்த மாதத்தோடு முடிகிறது. அடுத்த வேலை எதுவும் கையில் இல்லை என்று முதலாளி கையை விரித்துவிட்டார். பதினான்கு வருடம் சிமெண்ட் தூசி தின்றவனுக்கு ஒரு நன்றி, ஒரு வணக்கம், அவ்வளவுதான். என் வீட்டுக்காரியிடம் இன்னும் சொல்லவில்லை. பெரியவனை இப்போதுதான் புதுப் பள்ளியில் சேர்த்திருக்கிறோம். வேலை இல்லாமல் போய் அவள் முன்னால் எப்படி நிற்பேன்? பயமாக இருக்கிறது அத்தான்.

ஒரு விளம்பரம் பார்த்தேன். கம்பெனி பெயர் போடவில்லை, தபால்பெட்டி எண் மட்டும்தான். கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜர் வேலை. எனக்காகவே போட்ட மாதிரி இருக்கிறது. நீங்களும் அதே வேலைதானே பார்க்கிறீர்கள், ரெஸ்யூமில் எதை எழுதினால் கூப்பிடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நாலு பக்கம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். தயவு தாட்சண்யம் பார்க்காமல் சிவப்பு மையால் அடியுங்கள்.

உங்கள் அன்பு மச்சான்

மார்ச் 8

அன்புள்ள மச்சானுக்கு,

உன் நாலு பக்கத்தையும் படித்து முடிப்பதற்குள் இரண்டு டீ குடித்துவிட்டேன். அடேய், ஆள் எடுக்கிறவன் அரை நிமிஷத்துக்கு மேல் பார்க்கமாட்டான். இரண்டு பக்கமாகச் சுருக்கு. கறுப்புக் கண்ணாடி போட்ட போட்டோ எதற்கு? சினிமாவுக்கா விண்ணப்பம் போடுகிறாய்? பொழுதுபோக்கு கேரம் என்று வேறு எழுதியிருக்கிறாய். அதையும் தூக்கு.

‘பொறுப்புடன் பணியாற்றினேன்’ என்று ஆறு இடத்தில் இருக்கிறது. பொறுப்பில்லாமல் பணியாற்றினேன் என்று எவனாவது எழுதுவானா? எத்தனை பேரை வைத்து வேலை வாங்கினாய், சொன்ன தேதிக்கு முடித்தாயா, கொடுத்த பட்ஜெட்டுக்குள் நின்றாயா, யாருக்காவது அடிபட்டதா, அதைச் சொல். பால் பண்ணைக்குச் சுற்றுச்சுவர் கட்டியதற்கெல்லாம் கடைசியில் ஒரு வரி போதும். அந்த ஷாப்பிங் வளாகத்தில் ஊற்றுத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இரண்டு பேஸ்மென்ட் போட்டாயே, அதைப் போய் மூன்றாம் பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கிறாய்! அதுதான்டா உன் துருப்புச்சீட்டு. முதல் பக்கத்தில், மேலேயே கொண்டு வா.

அந்த விளம்பரத்தையும் வெட்டி அனுப்பு. அவர்கள் என்ன கேட்கிறார்களோ அது முதல் நாலு வரியில் அவர்கள் கண்ணில் பட வேண்டும். தைரியமாக இரு. அக்காவிடம் மூச்சு விடமாட்டேன்.

அன்புடன்,
அத்தான்

மார்ச் 12

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் சொன்னபடியே மாற்றிவிட்டேன். படித்தால் எனக்கே என் மேல் மரியாதை வருகிறது. கறுப்புக் கண்ணாடியை மட்டும் எடுக்க மனசே வரவில்லை, எடுத்துவிட்டேன்.

விளம்பரம் இதோ. ‘பாதி எழும்பிய பெரிய கட்டடத்துக்குக் கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜர் உடனே தேவை. நீர்க்கசிவு உள்ள இரட்டை பேஸ்மென்ட் அனுபவம் அவசியம். விண்ணப்பங்கள் ரகசியமாக வைக்கப்படும்.’ பழைய மேனேஜர் அந்தத் தண்ணீரிலேயே மூழ்கிவிட்டார் போல!

இரண்டு நாளில் ஒரு பதில் போடுங்கள். உங்கள் கண் பட்ட பிறகுதான் அனுப்புவேன்.

உங்கள் அன்பு மச்சான்

மார்ச் 19

மச்சான்,

கடிதம் வந்தது. கவர் பிரித்து ஒட்டிய மாதிரி இருந்தது. நீதான் சரியாக ஒட்டவில்லையா?

இந்த விளம்பரத்தை நீயாகப் பார்த்தாயா, யாராவது காட்டினார்களா? எங்கள் ஆபீஸிலிருந்து உன்னோடு யாராவது பேசுகிறார்களா? ‘மூழ்கிவிட்டார்’ என்று எழுதியிருக்கிறாயே, அது என்ன அர்த்தத்தில்?

பெயரைச் சொல்லக்கூடத் துணிச்சல் இல்லாத கம்பெனியை நம்பி இறங்காதே. அனுப்பித்தான் தீருவேன் என்றால் அந்த பேஸ்மென்ட் வேலையை எடுத்துவிடு. அது பழைய கதை, இப்போது யாரும் மதிப்பதில்லை. பால் பண்ணையை மேலே போடு. அவசரம் வேண்டாம். ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கலாம்.

அத்தான்

மார்ச் 23

அன்புள்ள அத்தானுக்கு,

கோபப்படாமல் படியுங்கள். போன கடிதத்தில் பேஸ்மென்ட்தான் துருப்புச்சீட்டு என்றீர்கள், இந்தக் கடிதத்தில் அது பழைய கதை. பத்தே நாளில் அது எப்படிப் பழசானது? பால் பண்ணைச் சுவரைக் காட்டி எந்த மடையனாவது மேனேஜர் வேலை கேட்பானா? எனக்குக் காது குத்தியாகிவிட்டது அத்தான்.

சைட்டில் என்னோடு தங்கியிருக்கும் சர்வேயரிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். “உங்க அத்தானும் அந்த வேலைக்கு அப்ளை பண்றாரு போல. அதான் உன்னைக் கழட்டிவிடப் பாக்குறாரு” என்றான். வாயை மூடுடா என்று திட்டிவிட்டேன். ஆனால் திட்டிவிட்டு நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அக்கா போனில், “அவரு ஒரு வாரமா சரியாவே சாப்பிடல. பால்கனில நின்னு யார்கிட்டயோ குசுகுசுன்னு பேசறாரு. உனக்கு ஏதாச்சும் தெரியுமாடா?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. அந்த வேலைக்கு உங்கள் சிநேகிதர் யாரையாவது மனதில் வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நேராகச் சொல்லிவிடுங்கள். மென்று விழுங்காதீர்கள். எனக்கு இருப்பது இன்னும் ஒரு வாரம்தான்.

உங்கள் மச்சான்

மார்ச் 27

மச்சானுக்கு,

நான் எதற்கு அப்ளை செய்ய வேண்டும்? எனக்கு வேலை இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. ஊரில் இருக்கிற சர்வேயர் பேச்சையெல்லாம் கேட்டு என்னைக் கேள்வி கேட்கிற அளவுக்கு வந்துவிட்டாய்.

அக்காவை வைத்து என்னை வேவு பார்க்கிறாயா? இங்கே நான் உள்ளே நுழைந்தால் பேசிக்கொண்டிருப்பவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். இப்போது நீயும் ஒன்றும் தெரியாதவன் மாதிரி எழுதுகிறாய். மறுபடியும் கேட்கிறேன், எங்கள் ஆபீஸில் உனக்கு யாரைத் தெரியும்? அதற்கு நீ பதிலே சொல்லவில்லை.

இஷ்டப்பட்டபடி செய். இனி இதைப் பற்றி எனக்கு எழுதாதே.

அத்தான்

ஏப்ரல் 9

அத்தானுக்கு,

எழுதாதே என்றீர்கள். இந்த ஒரு தடவை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

பேஸ்மென்டை மேலேயே வைத்து அனுப்பினேன். கூப்பிட்டார்கள். போனில் பேசிய பெண் விலாசம் மட்டும்தான் சொன்னாள். உங்கள் ஊர்தான், ஆனால் நான் கடிதம் போடும் ஆபீஸ் விலாசம் இல்லை, வேறு ஏதோ சைட். அங்கே திரும்பின பக்கமெல்லாம் கட்டடம் எழும்புகிறது, அதில் ஒன்று என்று நினைத்தேன். வேலை கிடைத்தால் அப்படியே போய் அக்கா முன்னால் நிற்கலாம் என்று ஆசை. வாசலில் பார்த்தால் உங்கள் கம்பெனி போர்டு. அப்போதும் எனக்குச் சந்தோஷம்தான். அத்தானுக்குக் கீழே வேலை போலிருக்கிறது, அதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் இத்தனை நாள் மழுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். என்னைப் போல ஒரு முட்டாள் உண்டா?

டைரக்டர் மேனேஜர் அறையைத் திறந்து காட்டினார். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் உங்கள் சின்னவள் வரைந்த படம், மஞ்சள் ஹெல்மெட் போட்ட அப்பா. “இதான் உங்க ரூம். இப்ப இருக்கிறவரு மாசக் கடைசில போறாரு. அவருக்கு இன்னும் சொல்லல. இன்னைக்குக் கம்பி பாக்க வெளியூர் அனுப்பியிருக்கோம்” என்றார்.

“அவரு என்ன சார் தப்பு பண்ணாரு?” என்று கேட்டேன். “தப்பெல்லாம் ஒண்ணுமில்ல. பேஸ்மென்ட்ல தண்ணி ஊறறது நிக்க மாட்டேங்குது. யாராவது ஒருத்தரு போகணும்ல” என்று சிரித்தார். இந்த வேலை எனக்குச் சரிப்படாது சார் என்று எழுந்துவிட்டேன். நான் யார் என்று சொல்லவில்லை.

அவருக்கு இன்னும் சொல்லவில்லை என்றார். ஆனால் உங்களுக்குத் தெரியும். நான் விளம்பரத்தை வெட்டி அனுப்பினேனே, அதைப் பார்த்த அன்றைக்கே தெரிந்துவிட்டது. ‘மச்சான், இது என் வேலைடா’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்த ரெஸ்யூமைக் கிழித்துப் போட்டிருப்பேன். நீங்கள் எழுதவில்லை. தெரிந்துகொண்டே வந்து உங்கள் நாற்காலியில் உட்காருவேன் என்று நினைத்துவிட்டீர்கள். கூடப் பிறந்தவள் வயிற்றில் அடிப்பேன் என்று நினைத்துவிட்டீர்கள். வேலை போனதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை அத்தான்.

என் வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு முழுக்கத் திட்டித் தீர்த்தாள். மறுநாள் அவளே உட்கார்ந்து பள்ளிக் கட்டணத்துக்குக் கணக்குப் போட்டாள். நீங்களும் அக்காவிடம் சொல்லிவிடுங்கள், வேறு யாரோ வாயால் அவள் கேட்கக் கூடாது. திரும்பும்போது பஸ் உங்கள் தெருமுனையில் நின்றது. நான் இறங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நடிக்க எனக்கு வராது.

உங்கள் ரெஸ்யூமை இன்றைக்கே எழுத உட்காருங்கள். நான் எழுந்து வெளியே வந்தபோது வராந்தாவில் இன்னும் மூன்று பேர் ஃபைலோடு காத்திருந்தார்கள். அவர்களில் யாருக்கும் நீங்கள் அத்தான் இல்லை.

மச்சான்