சோடாபுட்டியின் கண்ணாடி

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். நலம் என்று எழுதிவிட்டு உன் அம்மாவைப் பார்க்கிறேன். முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே, "எல்லாம் எழுதுங்க, என் காலைப் பத்தி மட்டும் எழுதாதீங்க, புள்ளை கவலைப்படும்" என்கிறாள். ஆகவே அவள் காலைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை.

கடை நடக்கிறது. குண்டு விழுந்தால் சிதறாமலிருக்க முன்பக்கக் கண்ணாடி முழுக்கக் காகிதப் பட்டை ஒட்டியிருக்கிறேன். மூக்குக்கண்ணாடிக் கடைக்கே கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. உடைந்த காதுக் கம்பியைச் சரிசெய்யத்தான் ஆட்கள் வருகிறார்கள், புதிதாக வாங்க யாரும் வருவதில்லை. மாலையில் மின்சாரம் போய்விடுவதால் லென்ஸ் தேய்க்கிற வேலையைக் காலையிலேயே முடித்துவிடுகிறேன். அங்கே குளிர் அதிகம் என்று எழுதியிருந்தாய். கம்பளிச் சட்டையை அழகு பார்க்காமல் போட்டுக்கொள்.

உன் கடிதம் வந்தது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். அதனால்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன்.

உன் கடிதங்களை நான் வீட்டில் பிரிப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். நீ ஊழியப் பயிற்சிக்குப் போனதிலிருந்து, வந்த உறையை அப்படியே பிரார்த்தனைக் கூடத்துக்குக் கொண்டுபோய், மேடையில் நின்று எல்லார் முன்னிலையிலும் கிழித்துப் படிப்பேன். சபை அனுப்பிய பிள்ளை, சபைக்குத்தான் முதல் உரிமை என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் எல்லாம் என் பெருமைக்காகத்தான். படிக்குமுன் நான் தொண்டையைக் கனைப்பதைக் கேட்டதுமே உன் அம்மா தலையைக் குனிந்துகொள்வாள்.

இந்த முறையும் கனைத்தேன். முதல் பக்கத்தில் உன் பாடங்கள், உப்பில்லாத சாப்பாடு, குறட்டை விடும் அறைத்தோழன். எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தைத் திருப்பினேன். பேக்கரிக்காரர் மகன் போர்முனையில் ஒருவனைச் சுட்டுக் கொன்றுவிட்டதாகக் கேள்விப்பட்டாய் என்றும், ஆயுதம் தொட்டவனுக்கே நம்மிடம் இடமில்லை, இரத்தம் சிந்தியவனோடு சேர்ந்து உட்கார்ந்தால் அந்தப் பழி எல்லார் மேலும் படியும் என்றும், அவனைச் சபையை விட்டு விலக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். தடுமாற்றமே இல்லாத நடை. புத்தி நிறுத்து என்றது, அதற்குள் வாய் ஓடிவிட்டது. கடைசி வரி வரைக்கும், மேடைக்குரிய ஏற்ற இறக்கத்தோடு, நானே படித்து முடித்தேன்.

அவன் விடுப்பில் வந்திருக்கிறான் என்பது உனக்குத் தெரியாது. கடைசி வரிசையில் அவன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பாமலிருக்க அத்தனை பேரும் பட்ட பாடு மேடையிலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவன் எழுந்து, நாற்காலி தரையில் இழுபடாமல் தூக்கி நகர்த்தி வைத்துவிட்டு, வெளியே போனான்.

பிரார்த்தனை முடிந்து, பக்கத்தில் இருப்பவரிடம் குறை கேட்கிற நேரம் வந்தது. "என் மேல் குறை உண்டா?" என்று நீ சின்ன வயதில் ஒரே மூச்சில் கேட்பாய், "இல்லை" என்று பதில் வருவதற்குள் வாசலுக்கு ஓடிவிடுவாய். பெரியவர்கள் நாங்களும் ஓடவில்லையே தவிர, அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். எனக்குப் பக்கத்து நாற்காலி பேக்கரிக்காரருடையது. முதலில் அவர் கேட்டார், இல்லை என்றேன். பிறகு நான் கேட்டேன். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும்போல் நகக்கண்ணில் மாவு. "சொல்லத் தெரியலைண்ணே. யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

அப்படி ஒரு பதிலை நம் கூடத்தில் நான் கேட்டதே இல்லை. இல்லை என்ற பதில் கிடைக்காதவன் உள்ளே உட்காரக் கூடாது, கிடைக்கும்வரை வாசலில் நின்றுதான் பிரார்த்திக்க வேண்டும் என்று நம்மிடம் ஒரு விதி உண்டு. யாருக்கும் தேவைப்படாததால் அது எல்லாருக்கும் மறந்தே போயிருந்தது.

மறுநாள் காலையில் ரொட்டி வாங்க யார் போவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் அந்தக் காலோடு அவள்தான் போனாள். பேக்கரிக்காரர் மனைவி வழக்கம்போல் சூடான ரொட்டியாகப் பார்த்து எடுத்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாராம். "புள்ளை எப்படி இருக்கான்?" என்று முதலில் கேட்கிறவர், அன்று அதை மட்டும் கேட்கவில்லையாம்.

அவர்களுக்குக் குறை இல்லாமல் எப்படி இருக்கும்? உனக்குத் தெரியாததா என்ன. ஊழியப் பயிற்சிக்குப் போகிறவனைப் படைக்கு அழைக்க மாட்டார்கள். ஒரு சபைக்கு ஒரே இடம். அந்த வயதில் நம்மிடம் இருந்தது நீங்கள் இருவர்தான். அவனுக்கு நாலு பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், நீ மைக்கைப் பிடித்தால் விடமாட்டாய். தேர்வுக் குழுவில் நான் இருந்தேன். உன் பெயர் வந்ததும் எழுந்து வெளியே போயிருக்க வேண்டும், போகவில்லை. "அண்ணன் பையன் நல்லாப் பேசுவான், அவனே போகட்டும்" என்று பேக்கரிக்காரர்தான் விட்டுக்கொடுத்தார். அவர் அப்படிச் சொல்லும்வரை நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லட்டும் என்றுதான் பார்த்தேன்.

அவன் ஆயுதம் தொட மாட்டேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். காயம்பட்டவர்களைத் தூக்குகிற வேலை கொடுங்கள் என்று கெஞ்சினான். முதலில் கொடுத்தார்கள். ஆள் குறைந்ததும் துப்பாக்கியைக் கையில் திணித்துவிட்டார்கள். அவன் படைக்குக் கிளம்பியபோது நான் அவனுக்கு ஒரு கண்ணாடி செய்து கொடுத்தேன். கடையிலேயே உயர்ந்த லென்ஸ், நானே உட்கார்ந்து தேய்த்தது. பள்ளிக்கூடத்தில் நீ அவனுக்கு வைத்த சோடாபுட்டி என்ற பெயருக்கு இனி வேலையே இல்லை என்கிற அளவுக்கு மெல்லிசு. அதோடு எல்லாம் நேராகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வாரம் அதே கண்ணாடியோடு அவன் கடைக்கு வந்தான். "பெரியப்பா" என்று எப்போதும்போலக் கூப்பிட்டான். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்து, பவரைக் கொஞ்சம் குறைத்துப் போட முடியுமா என்று கேட்டான். தலைவலியா, எழுத்து கலங்குகிறதா என்று நான் கடைக்காரனாகவே விசாரித்தேன். அதெல்லாம் இல்லை என்றான். பிறகு திக்கித் திக்கிச் சொன்னான். "ரொம்பத் தெளிவாத் தெரியுது பெரியப்பா. அந்த ஆளோட முகம் தெரிஞ்சுது. ஷேவ் பண்ணும்போது கன்னத்துல வெட்டிக்கிட்டிருக்கான், அதுகூடத் தெரிஞ்சுது."

மகனே, அது நான் தேய்த்த லென்ஸ்.

அவனை நாற்காலியில் உட்கார்த்தி, சோதனைப் பிரேமை மாட்டி, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன். வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் படித்தான். மேல் வரிசையில் இருக்கிற பெரிய எழுத்துகூடத் தெரியவில்லை என்றான். பாவம், அவனுக்குப் பொய் சொல்லவும் வராது. பவரைக் குறைத்தால் அவனுக்கு யார் முகமும் தெரியாது. அவனைக் குறிவைக்கிறவனும் தெரிய மாட்டான். வரும் வியாழக்கிழமை அவன் திரும்பிப் போக வேண்டும். கீறல் விழுந்த லென்ஸை எடுத்துவிட்டு அதே பவரில் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். குறைத்துவிட்டேன் என்று அவனை ஏமாற்றவும் மனம் வரவில்லை. மாட்டிக்கொண்டு, ஒட்டிய காகிதங்களுக்கு நடுவே தெருவைப் பார்த்தான், புரிந்துகொண்டான். "சரி பெரியப்பா" என்றான். அவன் உயிரோடு இருக்க வேண்டும் என்று அப்படிச் செய்தேனா, அவனுக்கு ஏதாவது ஆனால் அந்தப் பழியும் என் தலையில் விழுமே என்று செய்தேனா, எனக்கே தெரியவில்லை. அன்று அதற்குப் பிறகு வேலை ஓடாமல் கடையைச் சாத்திவிட்டேன்.

சபைப் பெரியவர் உன் கடிதத்தை வைத்துக்கொண்டு அவனை விலக்கி அறிவிக்கத் தயாராகிவிட்டார். "உங்க பையன் எங்க கண்ணைத் திறந்துட்டான்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் சொல்லிவிட்டேன், அவனை விலக்குவதானால் அவன் யாருக்குப் பதிலாக அங்கே போனான் என்பதையும் அதே மேடையில் சொல்லுங்கள், சொல்லக் கூச்சமாக இருந்தால் நானே சொல்கிறேன் என்று. அவர் முகம் சுருங்கிவிட்டது. அறிவிப்பு தள்ளிப்போயிருக்கிறது, ரத்தாகவில்லை. நாளைப் பிரார்த்தனைக்கு நான் வாசலில்தான் நிற்பேன், எனக்கு இன்னும் பதில் வரவில்லையே. அவனும் உள்ளே வர மாட்டேன் என்கிறான். மழை வருகிற மாதிரி இருக்கிறது. பெரிய குடையாக எடுத்து வைத்திருக்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். சபைக்கு எழுதாதே, அவனுக்கு எழுது. உபதேசம் வேண்டாம். அவனிடம் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேள், இந்த முறை பதில் வரும்வரை ஓடாமல் நில். உறையின் மேல் அவன் பெயரை எழுதி நம் வீட்டுக்கே அனுப்பு, அவன் இருக்கும் இடத்துக்குச் சேர்த்துவிடுகிறேன். நான் பிரிக்க மாட்டேன்.

உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. கொல்லாதே என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான், உன் இடத்தில் இன்னொரு பிள்ளை போய்க் கொல்லும்படி பார்த்துக்கொண்டவனும் நான். வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதை எழுதும்போதுகூட, நீ அங்கே கம்பளிக்குள் பத்திரமாகத் தூங்குவாய் என்று நினைத்தால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது. அந்தக் குழு மறுபடி கூடினாலும் நான் எழுந்து வெளியே போக மாட்டேன், மகனே. மறுபடியும் பேக்கரிக்காரர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். இதை வைத்துக்கொண்டு ஆண்டவனிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது? நீ படிக்கிற படிப்பில் அதற்கு ஏதாவது இருந்தால் எழுது.

அம்மா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இரு. பிரார்த்தனையில் எங்கள் பெயர்களைச் சொல்லுமுன் அவன் பெயரைச் சொல். சோடாபுட்டி என்று அல்ல, அவன் அம்மா வைத்த பெயரை.

இப்படிக்கு,
பதிலுக்காக வாசலில் நிற்கும்
உன் அப்பா