லயத்து மேட்டில் வேகநடை

செவ்வாய்க்கிழமை, இரவு

லேசான பக்கவாதம் வந்து மூன்று மாதமாகிறது. தினமும் அரை மணி நேரம் நிற்காமல் வேகமாக நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பூண்டுலோயா கடைத்தெருவில் நடந்தால் ஆளாளுக்கு நிறுத்தி விசாரிப்பார்கள். அதனால் இன்று மாலை கடையை மனைவியிடம் விட்டுவிட்டுத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயப் பக்கம் மேடேறினேன்.

தோளில் துண்டு, வெறுங்கை, முகமெல்லாம் வியர்வை. இந்தக் கோலத்தில் லயத்துக்கு விரைந்து வருகிறவன் சாவுச் செய்திதான் கொண்டு வருவான் என்பது எனக்கு மறந்தே போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் பின்னால் பன்னிரண்டு பேர். ஒருவர் சாவுக்கு அடிக்கிற தப்பு மேளத்தோடு வேறு வந்திருந்தார்.

கொழுந்துக்கூடையைக்கூட இறக்காமல் ஓடிவந்த மாரியாயி அக்கா கேட்டார்: "மொதலாளி, யாருங்க செத்துட்டாங்க?"

"யாரும் சாகலக்கா. நான் செத்துடக் கூடாதுன்னுதான் நடக்குறேன்."

"நல்லா நடந்தீங்க போங்க! காலையிலேர்ந்து மலையேறுன எங்களையும் சேத்துல்ல ஓட வச்சிட்டீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் என் இடது காலைப் பார்த்தார். "லேசா இழுக்குதுங்களே. வீட்ல தெரியுமா?"

தெரியாது. மனைவி முன்னால் கால் இழுக்காததுபோல் நடந்து சமாளித்து வருகிறேன்.

"நாளைக்கும் இந்நேரம் வாங்க. எறக்கத்துல நாங்க கூட வர்றோம்."

தப்புக்காரரும் வருகிறாராம். தப்பை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வரும்படி கேட்டுக்கொண்டேன்.