112ஆம் பக்கத்தில் நின்றுபோன கார்

ஜனவரி 8, வியாழன்

இன்றும் கிளம்பவில்லை. இது ஒன்பதாவது காலை. இந்த மலைக் குளிரில் அம்மா சாவியைத் திருப்பத் திருப்ப எஞ்சின் தும்முகிறது, வெள்ளைப் புகையைக் கக்குகிறது, படுத்துவிடுகிறது. ஆளுக்கொரு பேருந்தைப் பிடிக்க ஓடினோம்.

காரில் பள்ளிக்கு நாற்பது நிமிடம். அம்மா ஓட்டுவாள், நான் ஒரு நாவலைச் சத்தமாக வாசிப்பேன். 112ஆம் பக்கத்தில் நிற்கிறது. தனியாக மேலே படிப்பது துரோகம். படிக்க மாட்டேன்.

ஞாயிறு காலை பழைய கார் வாங்குபவர் வருகிறாராம். சாப்பிடும்போது அப்பா சொன்னார். அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 9, வெள்ளி

நூலகத்தில் டீசல் எஞ்சின் புத்தகம் கிடைத்தது! குளிரில் டீசல் பற்றிக்கொள்ள, சிலிண்டருக்கு ஒன்றாக க்ளோ பிளக் உள்ளே சூடேற்றுகிறது. அது கருகினால் என்னென்ன ஆகும் என்று ஒரு பட்டியல் - வரி பிசகாமல் எங்கள் கார்! இயற்பியல் ஆசிரியையிடம் கெஞ்சி மின்தடை அளக்கும் மீட்டர் இரவல் வாங்கிவிட்டேன். ஓர் ஓம் அளவில் காட்டினால் நல்ல பிளக். ஒன்றுமே காட்டாவிட்டால் செத்தது.

ஜனவரி 10, சனி

நான்கும் 0.9. நான்கும் நல்லவை.

அப்பா எட்டிப் பார்த்து, "என்ன டாக்டரம்மா, பேஷண்ட் பிழைப்பாரா?" என்றார். போங்கப்பா என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன்.

சனி, காலை பத்தரை மணி

மடச்சி! பழைய பிளக் நாலும் அவ்வளவு ஒற்றுமையாகவா இருக்கும்? அவற்றின் தலைகளை ஓர் உலோகத் தகடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. அதைக் கழற்றாமலே அளந்திருக்கிறேன். பக்க இணைப்பு! உயிரோடு இருந்த ஒன்றையே நாலு தரம் அளந்திருக்கிறேன். இதே பாடத்தில்தான் போன மாதம் முழு மதிப்பெண்!

அம்மாவைக் கூப்பிட்டு, இருவருமாகத் தகட்டைக் கழற்றி அளந்தோம். ஒன்று உயிரோடு. மூன்று காலி. அம்மா கொண்டையை இறுக்கிக்கொண்டு, "இது எந்தக் கடையில கிடைக்கும்?" என்றாள்.

சனி, மாலை

எஞ்சின் சூடாக இருக்கும்போதுதான் கழற்ற வேண்டுமாம். இல்லையென்றால் பிளக் உள்ளேயே முறிந்துவிடும் என்று உதிரிபாகக் கடைக்காரர் மிரட்டி அனுப்பினார். மதிய வெயிலில் கார் முக்கி முனகிக் கிளம்பியது. சூடேறியதும் நிறுத்திவிட்டு அம்மா ஸ்பானரைப் போட்டாள். நான்காவது பிளக் கீச்சென்று கத்தியது. மூச்சை நிறுத்திக்கொண்டோம். - வந்துவிட்டது!

புதியவற்றைப் பொருத்துமுன் ஒவ்வொன்றையும் இடுக்கியில் பிடித்து பேட்டரியில் சோதித்தோம். ஒன்று, இரண்டு, மூன்று... நான்கு எண்ணுவதற்குள் நுனி செக்கச் சிவந்தது.

"ஏய், இங்க பாரேன்," என்றாள் அம்மா, என் வகுப்புத் தோழி மாதிரி.

ஜனவரி 11, ஞாயிறு

கண்ணாடியெல்லாம் உறைபனி. கார் வாங்குபவர் ஏழு மணிக்கே வந்துவிட்டார். அம்மா சாவியைப் பாதி திருப்பி, பிளக் சூடாவதைக் காட்டும் மஞ்சள் விளக்கு அணையும்வரை காத்திருந்து, முழுதாகத் திருப்பினாள்.

ஒரே சுற்று!

அப்பா வாயில் பல்துலக்கியோடு ஓடிவந்தார். வந்தவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "ஓடுற வண்டியை எதுக்குங்க குடுக்குறீங்க?" என்றார்.

"யாரு குடுக்குறா?" என்றாள் அம்மா.

அப்பா துப்ப இடம் தேடினார். வாய் நிறைய நுரை.

ஜனவரி 12, திங்கள்

113 முதல் 131 வரை.