கலாவின் பசைச் சட்டி

என் பெரியம்மா பெற்ற பொல்லாத பிள்ளையே, கலா,

இங்கே மழை இன்னும் விடவில்லை. உனக்குப் பிறகு செத்தவர்களின் மரண அறிவித்தல் போஸ்டர்களைக்கூட நத்தை தின்று தீர்த்துவிட்டது. உன்னுடையது மட்டும் பஸ் நிற்கிற இடத்திலிருந்து பெக்டரிச் சுவர்வரை அப்படியே இருக்கிறது. காலையில் வேலைக்குப் போகும்போது ஒவ்வொரு வளைவிலும் உன் முகத்தைத் தாண்டித்தான் போகிறேன். அந்தப் போட்டோவில் நீ போட்டிருக்கும் சுடிதார் என்னுடையது. திருப்பித் தரவேயில்லை.

எனக்கு உன்மேல் பொறாமை. செத்தவள்மேல் என்ன பொறாமை என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்கலாம். செத்தவள்மேல்தான் கூடுதலாக வருகிறது. உயிரோடு இருக்கிறவள் என்றைக்காவது ஒரு தப்புச் செய்வாள். இனி நீ செய்யமாட்டாய்.

இரண்டு பேரும் இந்தத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே லயத்தில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிறந்தோம். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற புள்ளக்காம்பராவுக்கு டீச்சர் வேண்டுமென்று சொன்னபோது ஒரே நாளில் நேர்முகத்துக்குப் போனோம். உன்னை எடுத்தார்கள். நான் கொழும்பில் துணிக்கடைக்குப் போய், உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லாமல் நாள் முழுக்க நின்றேன். தீபாவளிக்கு வந்தால் என் அம்மாவே என்னிடம் உன் கதையைத்தான் சொல்வாள். "கலாகிட்ட போனா அழுற புள்ளயும் சிரிக்குதுடி."

அந்த டீச்சர் சம்பளம் மாதக் கடைசியைத் தொடாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. இப்போது நானே வாங்குகிறேன், தெரிகிறது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போனாய். மரத்திலிருந்த குளவிக்கூடு கலைந்து, குளவிகள் உன்னை மொய்த்துக் கொட்டின. டிஸ்பென்சரி ஞாயிற்றுக்கிழமை பூட்டு. கொழுந்து ஏற்றுகிற லொறியில் சாக்குகளின்மேல் படுக்கவைத்து உன்னைக் கொண்டுபோனார்கள். அந்தக் கூட்டைப் பற்றி முன்பே தோட்டத்துத் துரையிடம் சொல்லியிருந்தார்களாம். கூடு இன்றைக்கும் அங்கேதான் தொங்குகிறது. அதற்குக் கீழேதான் இன்றைக்கும் பறிக்கிறார்கள். ஒரு கூட்டை எடுக்க இன்னும் எத்தனை பேர் சாக வேண்டும், கலா?

உன் இடத்துக்கு என்னை எடுத்தார்கள். எனக்கு வேண்டியது எனக்குக் கிடைத்த விதத்தைப் பார்த்தாயா?

போர்டில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று எழுதியிருக்கிறார்கள். ஊருக்கு அது இன்னும் புள்ளக்காம்பராதான். நான் போன முதல் நாள் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள். சாந்தி அக்காவின் மகள் கபிஷா, அந்த முன்பல் இல்லாத வாயாடி, எழுந்து நின்று கேட்டாள்.

"டீச்சர், பசை எங்க?"

"என்ன பசை?"

"கலா டீச்சர் பசை. நக்குனா இனிக்கும்."

அந்தப் பசையின் கதை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கொழும்பிலிருந்து ஒரு கூட்டம் வந்து, "ஹரி லஸ்ஸனய்" என்று சிங்களத்தில் அழகு கொஞ்சி, பிள்ளைகளின் கன்னத்தைக் கிள்ளிப் படம் எடுத்துவிட்டு, ஒரு பெட்டி நிறையக் கடைப்பசை டியூப் கொடுத்துவிட்டுப் போனார்களாம். மூடியைத் திறந்தால் தலை சுற்றுகிற வாடை. சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும் என்று அதன்மேல் இங்கிலீஷிலும் சிங்களத்திலும் இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கென்று கொடுத்த பொருளில் அது! இந்த மலையில் எங்களுக்குப் படிக்கத் தெரிந்த தமிழில் மட்டும் ஒரு சொல் இல்லை. நீ பெட்டியைக் கட்டி அலமாரிக்கு மேலே போட்டுவிட்டு, கோதுமை மா கேட்டு லயம் லயமாகப் போனாய்.

மா விலை ஏறிக் கிடந்த காலம். ரொட்டி சுடுகிற மாவைக் காகிதம் ஒட்டக் கேட்டால் யார் தருவார்கள்? உனக்குத் தந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கைப்பிடி. நான் கேட்டிருந்தால் கதவைச் சாத்தியிருப்பார்கள். இதுதான் எனக்கு எரிகிறது.

மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைப்பாய். கொதிக்கிற தண்ணீரில் அதை ஊற்றி, தீயைக் குறைத்து, கரண்டியில் கண்ணாடி போலப் பளபளக்கும்வரை கிண்டுவாய். பச்சை மா வயிற்றைக் கெடுக்கும் என்பதால் நன்றாக வேகவைப்பாய். கொஞ்சம் சீனி, ஒரு சிட்டிகை உப்பு, அரை மூடி எலுமிச்சை. ஆறியதும் பிள்ளைகளுக்கு முன்னால் உன் விரலில் எடுத்து நீயே முதலில் நக்கிக் காட்டுவாய். பிறகுதான் அவர்களுக்கு. அதனால் பசை என்றால் வாயில் வைக்கலாம் என்று இந்தப் பிள்ளைகள் பழகிவிட்டார்கள். காகிதத்தில் ஒரு விரல், வாயில் ஒரு விரல்.

சட்டியைத் தேடினேன். சாந்தி அக்கா வீட்டில் இருந்தது. உன் காரியம் முடிந்த பிறகு கொண்டுபோய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெளிப்பக்கம் சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமிப்படத்துக்குக் கீழே கவிழ்த்து வைத்திருந்தாள். அலுமினியச் சட்டிக்குப் பொட்டு! எனக்குச் சிரிப்பு வந்தது. அதோடு எரிச்சலும் வந்தது. நான் செத்தால் என் தட்டுமுட்டுக்கு யார் பொட்டு வைப்பார்கள்?

சட்டியை நிமிர்த்தினேன். உள்ளே அடியில் செம்பழுப்பாக ஒரு பெரிய திட்டு. நகத்தால் சுரண்டினால் ஊசி குத்தியதைப் போலப் பொடிப்பொடியாகக் குழிகள்.

"அடி புடிச்சிருக்குடி" என்றாள் சாந்தி அக்கா. "எவ்வளவு தேச்சும் போகல."

அடிபிடித்தால் கறுக்கும். இது கறுப்பில்லை. குழிகளுக்குள் பாசி நிறத்தில் ஏதோ உறைந்திருந்தது.

வீட்டுக்கு வந்து என் தம்பி ரமேஷைப் பிடித்தேன். நீ செத்த அன்று போஸ்டர் ஒட்டப் போனவன் அவன்.

"டேய், கலா போஸ்டர மட்டும் ஏன்டா நத்த திங்கல?"

"நல்லதுதானேக்கா?"

"பசையில என்னத்தப் போட்ட?"

"துத்தம். அந்த நீல மயில்துத்தம். சங்கத்துப் போஸ்டர் ஒட்டுறப்ப எப்பவும் போடுவோம். பூச்சி, நத்த ஒண்ணும் கிட்ட வராது."

"எந்தச் சட்டியில கிண்டுன?"

அவன் பீடியைத் தேடினான். பிறகு மெதுவாகச் சொன்னான். "பசை கிண்டுற பெரிய சட்டி இந்தத் தோட்டத்துல வேற எங்க இருக்கு? அன்னிக்கி அழுதுகிட்டே கிண்டுனேன்க்கா. கலா அக்காவுக்கு நான் செஞ்சது அது ஒண்ணுதான். வெளிய சொல்லிறாத."

சொல்லமாட்டேன் என்றேன். அது முட்டாள்தனம். நத்தையைக் கொல்கிறது பிள்ளையைச் சும்மா விடுமா? துத்தம் அலுமினியத்தை அரிக்கும், சாம்பலுக்கு அசையாமல் குழிக்குள் ஒட்டிக்கொள்ளும், புளி பட்டால் கழன்று வரும். உன் பசையில் எலுமிச்சை.

அதற்குள் தாய்மார் கூடி முடிவெடுத்துவிட்டார்கள். உன் படத்தைப் புள்ளக்காம்பராவில் மாட்டுவது, பிள்ளைகள் கையாலேயே காகிதப்பூ மாலை செய்து போடுவது, பசையை உன் சட்டியிலேயே கிண்டுவது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்று, அந்தச் சட்டி வேண்டாம், அதில் யாரோ துத்தம் கிண்டியிருக்கிறார்கள் என்றேன்.

"யாரு கிண்டுனா? பேரச் சொல்லு" என்றாள் சாந்தி அக்கா.

ரமேஷுக்குக் கொடுத்த வாக்குக்காக, யாராக இருந்தால் என்ன என்று மழுப்பினேன்.

"பாத்தீங்களா? அவ உசுரோட இருந்தப்பவும் இவளுக்கு ஆகாது. இப்ப அவ சட்டியக் கண்டாலும் எரியுது. ஏன்டி ரோகினி, அவ வேல வந்துச்சு, அவ நாற்காலி வந்துச்சு. புள்ளைக மனசுலருந்தும் அவளத் தொடச்சு எறியணுமா ஒனக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சொன்னதில் பாதி உண்மை. பாதி உண்மைக்கு எப்படிப் பதில் சொல்வது, கலா? எரிகிறதுதான். நாக்கில் இருந்த நிசத்தை என் மூஞ்சியே பொய்யாக்கிவிட்டது.

படம் மாட்டுகிற அன்று நான் போவதற்குள் சாந்தி அக்கா வந்து அடுப்பு மூட்டியிருந்தாள். உன் சட்டி ஏறியிருந்தது. மா வெந்து குமிழி விட்டுக்கொண்டிருந்தது. எலுமிச்சைத் தோல் கீழே கிடந்தது. சுற்றிலும் பிள்ளைகள். கபிஷா விரலைத் தயாராக நீட்டிக்கொண்டு நின்றாள்.

"இறக்கிருங்கக்கா" என்றேன். "காலப் புடிக்கிறேன், இறக்கிருங்க."

"போடி அங்கிட்டு. ஒன்னாட்டம் எனக்குப் பொறாமையில்ல, நான் கிண்டுறேன்."

இறக்கி ஆறவைத்தாள். நீ செய்வதைப் போலவே பிள்ளைகளுக்கு முன்னால் விரலில் எடுத்து நாக்கில் வைத்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி, ஜன்னலுக்கு வெளியே துப்பினாள். இன்னொரு தடவை துப்பினாள்.

"என்னக்கா?"

"எலுமிச்ச... கொட்டையோட விழுந்திருச்சு போல. கசக்குது."

அவளுக்குத் தெரிந்துவிட்டது. தோற்க மனசில்லை, அவ்வளவுதான். அந்த நேரத்தில் கபிஷாவின் விரல் சட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது.

சட்டியைக் காலால் உதைத்தேன். பசை முழுக்கத் தரையில் ஓடியது. பிள்ளைகள் கத்தினார்கள். யாரோ கதவோரம் சாத்தியிருந்த, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்து, முற்றத்தில் வைத்து, உன் சட்டியின் அடியில் ஓங்கிக் கொத்தினேன். இரண்டாம் கொத்திலேயே பொத்தலாகிவிட்டது. உள்ளே அவ்வளவு அரித்திருந்தது. பொட்டெல்லாம் சேற்றில். வாசலில் நின்ற தாய்மார் "ஐயோ, கலா சட்டி, கலா சட்டி" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். நீ இரண்டாம் தடவை செத்ததைப் போல.

"ஆமா, எனக்குப் பொறாமைதான்!" என்று கத்தினேன். "அவ மேல எரிச்சல்தான்! அதுக்காக ஒங்க புள்ளைக வெசத்தத் திங்கணுமா?"

எல்லாரும் சாந்தி அக்காவைப் பார்த்தார்கள். அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் என் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அவள் வாயை முந்தானையால் துடைத்தாள். இன்னொரு தடவை துடைத்தாள்.

"சட்டிதான் பொத்தலாப் போச்சே" என்றாள். "எங்க வீட்டுச் சோத்துச் சட்டிய எடுத்தாரேன். நின்னு பாத்துக்கிட்டு இருக்காம தரையக் கழுவுங்கடி. புள்ளைக யாரும் மிதிக்கக் கூடாது."

அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, நீ சொன்னது சரி என்று ஒரு வார்த்தையும் இல்லை. சட்டியும் கொண்டுவந்தாள், ராத்திரி ரொட்டிக்கு வைத்திருந்த மாவும் கொண்டுவந்தாள். உனக்குத் தந்ததைப் போல எனக்கும் மா தந்தாள், கலா.

நான் கிண்டினேன். கட்டியில்லாமல் கரைத்தேன், பளபளக்கும்வரை நின்றேன். எலுமிச்சை போடவில்லை. எலுமிச்சை போட்டால் நாளைக்கும் கெடாமல் இருக்கும், ஆனால் நாளைக்கு வைக்கப் போவதில்லை. அன்றன்றைக்குக் கிண்டுவேன், மிஞ்சியதைக் கொட்டிவிடுவேன். ஆறியதும் விரலில் எடுத்து நக்கினேன். பிள்ளைகள் என் தொண்டையையே பார்த்தார்கள், இறங்குகிறதா என்று. பிறகு கபிஷா நக்கினாள்.

"எப்படி?"

யோசித்தாள். "பரவால்ல. கலா டீச்சர் பசதான் நல்லாருக்கும்."

கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. அவள் அதற்குள் சிவப்புக் காகிதத்தை எடுத்து இதழ் ஒட்டத் தொடங்கிவிட்டாள், என் பசையில். மாலை கோணலாகத்தான் வந்தது. உன் படத்தில் மாட்டியிருக்கிறோம்.

ரமேஷின் பெயரை இதில் எழுதலாமா என்று அவனிடமே கேட்டேன். எழுதுக்கா என்றான். போஸ்டர் ஒட்டுகிற பையன்களிடம், வீட்டுச் சட்டியிலும் கோயில் சட்டியிலும் துத்தம் கிண்டாதீர்கள், அதற்கென்று ஒரு தகரத்தை ஒதுக்கி அதன்மேல் தமிழில் எழுதி வையுங்கள் என்று இப்போது சொல்லிக்கொண்டு திரிகிறான். அலமாரிக்கு மேலே நீ போட்ட டியூப் பெட்டியை, கொடுத்தவர்களுக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். குளவிக்கூட்டுக்காகத் தாய்மாரின் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். கூட்டை எடுக்கும்வரை அந்த மலைக்குக் கூடை தூக்கமாட்டோம் என்று முதலில் சொன்னவள் சாந்தி அக்கா.

ஒரு வாக்குத் தருகிறேன். உன் பிள்ளைகளை நான் உன்னைவிட நன்றாகப் பார்த்துக்கொள்வேன். ஒரு பிள்ளைக்கும் என் கையால் வயிறு வலிக்காது. கபிஷா பள்ளிக்கூடம் போவதற்குள் என்றைக்காவது ஒரு நாள் ரோகினி டீச்சர் பசைதான் நல்லாருக்கு என்று அவள் வாயால் சொல்லவைப்பேன். இதை அன்பில் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே. சுத்தமான பொறாமையில் சொல்கிறேன். நான் எதையும் பாதியில் விட்டதில்லை என்று உனக்குத்தான் தெரியும்.

சுவருக்கு இந்தப் பக்கம் இன்னும் இருக்கிற,
உன் சின்னம்மா மகள்
ரோகினி